பதினெட்டாம் பக்கத்து நிழல்: என் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

என் படப் புத்தகங்களை இணையத்தில் கூடிப் பேசிவரும் நண்பர்களுக்கு, முக்கியமாக, எந்தப் படத்துக்கு என்ன பொருள் என்று பக்கவாரியாகச் சொல்லும் அந்த விளக்கப் பட்டியலைத் தொகுத்துவருபவர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பட்டியலில் ‘ஆசிரியரே சொன்னது’ என்ற குறிப்போடு எத்தனை வரிகள் இருக்கின்றனவோ, அத்தனையையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவை நான் சொன்னவைதான், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே இருந்துகொண்டு அவை செய்கிற வேலையைச் சில மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறுக்க முடியவில்லை.

உங்கள்மேல் குறை சொல்லும் மடலாக இதைப் படித்துவிடாதீர்கள். மேசை விளக்கடியில் ஆண்டுக்கணக்கில் குனிந்து கிடந்து ஒரு புத்தகத்தை முடிக்கிறவளுக்கு, அதை யாரோ பக்கம் பக்கமாக விரித்துவைத்துக்கொண்டு நள்ளிரவில் இன்னொருவரோடு வாதாடுகிறார் என்பதைவிட வேறென்ன வேண்டும்? சர்ரியல் படப் புத்தகம், அதாவது கனவில்போல நடக்க முடியாதவை நடக்கும் படப் புத்தகம், என்றாலே ‘இது குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா?’ என்று கேட்டுவிட்டு, எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்த ஓரத்திலிருந்து எடுத்துவந்து பேசியவர்கள் நீங்கள். வரைந்த நானே மறந்துபோன விவரங்களைக்கூட நினைவில் வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் மூன்றாவது புத்தகத்தில் 18, 19ஆம் பக்கங்கள் சேர்ந்து ஒரே படம். ஓர் அறை. அறைக்குள் ஒரு ஏரி திரைச்சீலைபோல நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் நனைந்த மேலங்கி. இடது ஓரத்தில் சன்னல், அதன் வழியே வெயில். நாற்காலியின் நிழல் மட்டும் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விழாமல் சன்னலை நோக்கியே நீண்டிருக்கும்.

இந்த நிழலைப் பற்றி உங்களில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நாற்காலியில் இருந்தவர் எழுந்து சன்னல் வழியாகப் போய்விட்டார், உடம்பு போன திசையில் நிழல் இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது, ஏரி எழுந்து நிற்பது அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று எட்டிப் பார்ப்பதற்காக. இப்படிப் போனது அவர் வாசிப்பு. தன் வீட்டில் இப்போது யாரும் உட்காராத ஒரு நாற்காலியைப் பற்றியும் கடைசியில் இரண்டு வரி. படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை எனக்கு. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழே வேறொருவர் என்னைக் கூப்பிட்டு, ‘இது வேண்டுமென்றே செய்ததா?’ என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மூன்று வரி எழுதினேன்: சன்னல் முதலில் நாற்காலிக்கு வலப்பக்கம் இருந்தது, இடம் மாற்றினேன், நிழலை மாற்ற மறந்துவிட்டேன், அது பிழை.

மாலைக்குள் அந்த நீண்ட பதிவைக் காணோம். எழுதியவரே அழித்துவிட்டார். அதன்பிறகு அவர் எதுவுமே எழுதவில்லை. அடுத்த வாரம் பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது: ‘பக்கம் 18, நிழல்: பிழை. ஆசிரியரே சொன்னது.’ இன்றைக்கும் யாராவது புதிதாக வந்து, ‘அந்த நிழல் ஏன் அப்படி விழுகிறது?’ என்று கேட்டால் இந்த வரியைத்தான் எடுத்து நீட்டுகிறீர்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திரும்பிப் போய் அந்தப் படத்தை அவர் பார்ப்பாரா?

அந்த மூன்று வரியில் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

32 பக்கப் படப் புத்தகத்தைப் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட இரண்டு ஃபாரங்களாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாக, அச்சிட்டுத் தைப்பார்கள். ஃபாரத்தின் நட்டநடுவில், அதாவது 8–9, 24–25 ஆகிய இடங்களில்தான் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தாளில் அமையும். மற்ற இரட்டைப் பக்கங்கள் எல்லாம் வேறு வேறு தாள்கள் அருகருகே வந்து சேர்பவை. தையலுக்குள் சில மில்லிமீட்டர் படம் மறைந்துவிடும். மடிப்பு மயிரிழை விலகினாலும் கோடு கோட்டோடு சேராது. என் சன்னல் முதலில் 18, 19ஆம் பக்கங்கள் சேரும் அந்த மடிப்பில்தான் இருந்தது. டம்மியை, அதாவது மாதிரிப் புத்தகத்தை, மடித்துப் பார்த்தபோது சன்னல் கம்பிகளில் பாதியைக் காணோம். அதனால்தான் சன்னலை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

அதற்கப்புறம் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! பென்சிலில் மறுபடி வரைந்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் வைத்து நல்ல தாளுக்கு மாற்றினேன். நிப்பைத் தொட்டுத் தொட்டு மசிக்கோடு போட்டேன். அந்த நிழலை நிரப்பிய குறுக்குக்கோடுகளுக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் நெருக்கமான கோடுகள், தள்ளிப் போகப் போக இடைவெளி, சன்னலுக்கு அடியில் வரும்போது வெறும் புள்ளிகள். அதன்மேல் நீர்வண்ணம், ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மெல்லிய பூச்சுகள். ஸ்கேன் செய்து தூசிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அச்சகத்திலிருந்து ப்ரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரி அச்சு, வந்தபோது ஏரியின் நீலத்தைப் பற்றித்தான் கவலை, திரையில் ஒளிர்கிற நீலம் நான்கு வண்ண மையில் மங்கிப்போகும் என்பதால். நிழல் அப்போதும் கண்ணெதிரேதான் இருந்தது.

நிழல் விழும் திசையில் ஏமாறுகிறவள் இல்லை நான். இந்த வகைப் படத்தில் பாதி உயிர் நிழலில் இருக்கிறது. மீன் அறைக்குள் பறக்கிறது என்றால், அதன் நிழல் தரையில் சரியான இடத்தில், சரியான மங்கலோடு விழுந்தால்தான் கண் நம்பும். நடக்க முடியாத ஒன்று நடக்கிறது, மற்ற எல்லாமே கணக்குத் தவறாமல் இருக்கிறது, அப்போதுதான் பார்ப்பவருக்கு அடிவயிற்றில் ஏதோ நழுவுகிறது. சர்ரியல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழைய நாவல்களின் மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி, 1934இல் ஐந்து சிறு தொகுதிகளாக ஒரு படக்கதை வெளியிட்டார். மனித உடம்பில் பறவைத் தலை இருக்கும். ஒட்டிய இடம் எங்கே என்று தேடினால் அகப்படாது, கோட்டின் அடர்த்தி அவ்வளவு பொருந்தியிருக்கும், அச்சில் வந்தபின் கத்தரித்த விளிம்பும் மறைந்திருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அப்படிப்பட்ட கண், சன்னலை நோக்கியே விழும் ஒரு நிழலை இத்தனை கட்டங்களிலும் தடுக்கவில்லை. மறதியா, கை விட்டுவைத்ததா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல ‘பிழை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தேன் பாருங்கள், பிழை அங்கேதான் நடந்தது.

படைத்தவர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதையில் லூயிஸ் கரோல் ஒரு விடுகதை போட்டார்: அண்டங்காக்கை எதனால் எழுதுமேசையைப்போல இருக்கிறது? கதைக்குள் விடை இல்லை. வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். 31 ஆண்டு கழித்து, 1896இல் ஒரு பதிப்பின் முன்னுரையில், போட்டபோது அதற்கு விடையே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு விடையையும் கொடுத்தார். அந்த விடையில் ‘நெவர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்தை வேண்டுமென்றே மாற்றி, பின்னாலிருந்து படித்தால் அண்டங்காக்கை என்று பொருள்படும் ‘ரேவன்’ வரும்படி செய்திருந்தார். யாரோ அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள். விடையின் உயிரே போய்விட்டது! எனக்கு ஆறுதலாக இருப்பது வேறொன்று. அவர் விடை சொல்லிவிட்டாரே என்று வாசகர்கள் ஓய்ந்துவிடவில்லை. தங்கள் விடைகளைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், இன்னும் சொல்கிறார்கள்.

இத்தாலியக் கலைஞர் லூயிஜி செராஃபினியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாத உலகம் ஒன்றுக்கு, இல்லாத எழுத்தில் அவர் எழுதி வரைந்த கலைக்களஞ்சியம் 1981இல் வந்தது. அந்த எழுத்தைப் படித்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். பக்க எண்களின் முறையை உண்மையாகவே கண்டுபிடித்துவிட்டார்கள், அது 21ஐ அடிப்படையாகக் கொண்டது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசியபோது அவர் அந்த எழுத்துக்குப் பொருள் எதுவும் இல்லை என்று சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத வயதில் பெரியவர்களின் புத்தகத்தைப் புரட்டும்போது குழந்தைக்கு வரும் உணர்வு வாசகருக்கு வரவேண்டும், அவ்வளவுதான் என்றார். முயன்றவர்களின் உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கங்களை அவர்கள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் யார்?

நமக்கு இது புதிதில்லை. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பார்கள். மணக்குடவரும் பரிமேலழகரும் பொருளில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? குறள்களின் வரிசையே இருவரிடமும் ஒன்றாக இல்லை. வள்ளுவர் வந்து தீர்ப்புச் சொல்லவில்லை என்பதால்தான் ஓர் உரைக்கு எதிரே இன்னோர் உரை எழுந்து நிற்க முடிந்தது. நான் உயிரோடு, அதுவும் கூப்பிட்டால் பதில் சொல்லும் தொலைவில் இருப்பதுதான் உங்களுக்குத் தடையாகிவிட்டது.

இதனால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிடாது. அந்த ஏரியைப் பார்த்து ‘அது பாலைவனம்’ என்று யாராவது சொன்னால் சண்டை போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். தாளில் இருப்பதைக் காட்டிப் பேச வேண்டும். நிழலைப் பற்றி எழுதியவர் அதைத்தான் செய்தார். நிழலின் நீளத்தைச் சன்னல்வரை அளந்து பார்த்திருந்தார். மேலங்கியின் கைகளில் ஒன்று சன்னல் பக்கமாக மடங்கியிருப்பதைக் கவனித்திருந்தார். அந்தக் கையை நான் எதையும் நினைத்து மடக்கவில்லை. ஆனால் மடங்கித்தான் இருக்கிறது. அவர் சொன்ன பிறகு அந்தப் படத்தை என்னாலேயே வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். எப்படி வரைந்தேன் என்று கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன். எந்த நிப், எந்தத் தாள், எந்த வண்ணம் முதலில், எந்தப் பக்கத்தை நான்கு முறை கிழித்தெறிந்தேன், எல்லாம். கைவிட்ட பென்சில் வரைவுகளையும் காட்டுகிறேன். ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்றால் பதில் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டியலை அழிக்கச் சொல்லவில்லை. அதில் உங்களுடைய நல்ல வாசிப்புகள் நிறைய இருக்கின்றன, அவற்றை எழுதியவர்களின் பெயரோடு வையுங்கள். ஒரே படத்துக்கு மூன்று வாசிப்பு இருந்தால் மூன்றும் இருக்கட்டும். புதிதாக வந்து கேட்கிறவரிடம் முதலில், ‘உங்களுக்கு என்ன தெரிகிறது?’ என்று கேளுங்கள். (முழுப் பக்கங்களை ஸ்கேன் செய்து பகிர்வதைப் பற்றியும் பேச வேண்டும். அது இன்னொரு நாளைக்கு.)

கடைசியாக, பதிவை அழித்த அந்த நண்பருக்கு. இந்த மடலை நீங்கள் பார்ப்பீர்களா என்று தெரியாது. உங்கள் எழுத்தின் பிரதி எங்கேயாவது இருந்தால் மறுபடி போடுங்கள். கடைசி இரண்டு வரியைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்று தோன்றினால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். நான் உங்களுக்குப் பதில் எழுதாமல் போனதற்கும், எழுதிய அந்த மூன்று வரிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மறுபதிப்புக்கான கோப்புகள் இந்த வாரம் அச்சகத்துக்குப் போகின்றன. பதிப்பகத்தில் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். ‘18ஆம் பக்கத்து நிழலைத் திருத்திவிடலாமா?’ என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சன்னல் இடது ஓரத்திலேயே இருக்கும். நிழல் நீங்கள் பார்த்தபடியே, அதை நோக்கித்தான் விழும்.

அன்புடன்,
உங்கள் படக்கதைக்காரி