டெலிமுண்டோ தெரியாத கொட்டாஞ்சேனை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் "உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை வீட்டிலிருந்தபடியே இலகுவாகப் பார்க்கலாம்" என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். பார்க்கலாம்தான், வீடு நியூயோர்க்கில் இருந்தால். பொக்ஸ், டெலிமுண்டோ, பிபிசி, ஐடிவி என்று அமெரிக்க, பிரித்தானிய அலைவரிசைகளை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டில் டெலிமுண்டோ தெரிகிறது என்று உங்கள் நிருபர் வந்து காட்டட்டும், பிளேன்ரீயும் ரோல்ஸும் என் செலவு. பிபிசியின் இணைய சேவை பிரித்தானியாவுக்கு வெளியே திறக்காது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

நேர விஷயம் இன்னும் மோசம். இந்த 2026 போட்டியின் இறுதி ஆட்டம் ஜூலை 19 பிற்பகல் 3 மணி என்று அச்சாகியிருக்கிறது. அது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரம். எங்களுக்கு 20ஆம் திகதி, அதாவது ஞாயிறு கழிந்து திங்கள் பிறந்த பிறகு, நள்ளிரவு 12.30. உங்களை நம்பி ஞாயிறு மத்தியானம் சோறு தின்றுவிட்டு ரீவிக்கு முன்னால் குந்துகிறவர் எதைப் பார்ப்பார்? இறுதி ஆட்டம் நடக்கும் நியூ ஜெர்சியில் அப்போது காலை ஐந்தரை மணி. ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டிப் போட ஒரு ஆள் இல்லையா உங்கள் அலுவலகத்தில்? வெளிநாட்டில் எவரோ தன் ஊர்க்காரருக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் வரும்.

அப்புறம் அந்த "இலகுவாக". 2022இல் கட்டார் போட்டி நேரம் எங்களுக்கு வாய்ப்பாக வந்தது, இறுதி ஆட்டமே இரவு எட்டரைக்கு. ஆனால் அப்போது மின்வெட்டு. மின்வெட்டில் எங்கள் வீதி எந்தக் குழு, போட்டியில் ஆர்ஜென்டினா எந்தக் குழு என்று இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பார்த்தோம். இந்த முறை கரண்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஜூன், ஜூலையில் மழை கொட்டினால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடையும். போனில் பார்க்கலாம் என்றால் டேட்டா கரைகிறது, படமும் பிந்தித்தான் வரும். அன்டெனாவில் பார்க்கிற கீழ்வீட்டுக்காரர் கத்தி முடிந்த பிறகுதான் என் போனில் பந்து வலைக்குப் போகும். முன்பொருமுறை ஒரு தொலைக்காட்சியோ (பெயர் வேண்டாம்) பெனால்டி அடிக்கப்போகும் நேரத்தில் பால்மா விளம்பரம் போட்டது. அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லாமல் போயிருக்கும்.

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இடைநிறுத்தியது. நாடே சர்வதேசப் போட்டிகளுக்கு வெளியே நின்றது. உங்கள் பத்திரிகையில் அந்தச் செய்தி ஒரு மணமகள் தேவை விளம்பரத்தைவிடச் சிறிதாக வந்தது. அதே பக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் முழங்கால் நோவுக்கு நான்கு பத்தி. கொட்டாஞ்சேனையிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பொடியன்கள் பின்னேரத்தில் எந்தப் பந்தோடு திரிகிறார்கள் என்று ஒருநாள் வந்து பாருங்கள்.

சரி, நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு பக்கம், வெட்டிச் சுவரில் ஒட்டக்கூடியதாக. இலங்கை நேரம், இங்கே எந்த அலைவரிசை, எந்த மொழியில் வர்ணனை, அன்டெனாவில் வருமா அல்லது காசு கட்டவேண்டுமா, இவ்வளவுதான். இந்த முறை 48 அணி, 104 ஆட்டம் என்பதால் எல்லாவற்றுக்கும் இடமில்லை என்பீர்கள். காலிறுதியிலிருந்தாவது போடுங்கள். நள்ளிரவுக்குப் பின் வரும் ஆட்டத்துக்கு எந்தத் திகதி என்பதைத் தெளிவாகப் போடுங்கள், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் நீளமாகிவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள். நேரத்தைப் பற்றிய பந்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
கொழும்பு 13