பெட்டிக்குள் கிடக்கும் பாட்டுப் புத்தகங்கள்: நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நூலகப் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். யாரும் எடுக்காத தமிழ் நூல்களைக் கழிக்கப் போகிறீர்கள், பின்னறையில் உள்ள கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகப் பெட்டிகளும் அதில் சேர்த்தி. அவை எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே தெரியும். நம் மலேசியத் தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, அப்புறம் தோட்டமே கைமாறி, சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிக்கும் போனபோது மூடிய சிற்றாலயங்களின் புத்தகங்கள் அவை. வைக்க வேறு இடமில்லாமல் உங்களை நம்பிக் கொடுத்தோம். வாங்கும்போது படமெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கழிக்கும் முன் அந்தப் பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு பாட்டின் முதலடியையும் தமிழ் எழுத்திலேயே பட்டியல் போட விடுங்கள். அதை உங்கள் இணையப் பட்டியலில் சேருங்கள்.

யாரும் எடுக்கவில்லை என்கிறீர்கள். சரி, இருப்பதே தெரியாத புத்தகத்தை எப்படி எடுப்பது?

இந்த வருடம் எங்கள் சபையில் ஒரு பாட்டி இறந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்திலிருந்து அவர் வாயில் ஓயாமல் இருந்த ஒரு கீர்த்தனையை அடக்க ஆராதனையில் பாட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பல்லவி அவர்களுக்குத் தெரியாது. நடுவில் ஒரு சரணத்தின் ஒரே வரியும், மெட்டும்தான் தெரியும். மறுநாள் மத்தியானம் அடக்கம். உங்கள் பட்டியலில் தமிழில் தட்டினால் எதுவுமே வரவில்லை. ரோமன் எழுத்தில் தட்டினால், 'கீர்த்தனை' ஒரு பதிவில் இரண்டு 'e'யோடு, இன்னொன்றில் ஒரே 'i'யோடு, மூன்றாவதில் நடுவே ஒரு 'h' சேர்ந்து என்று பதிந்தவருக்குத் தோன்றியபடியெல்லாம் இருக்கிறது. கடைசியில் கிடைத்த பதிவின் தலைப்பு 'பூக்கு லாகு தமிழ்', மலாயில் வெறும் 'தமிழ்ப் பாட்டுப் புத்தகம்'. ஆசிரியர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களுக்கு அந்த ஒரு பதிவுதான்.

இணையத்தில் தேடினோம். பாட்டு வரிகள் போடும் தளங்களில் பல்லவியும் முதல் இரண்டு சரணங்களும் இருக்கும், அதற்குப் பிறகு எழுதியவருக்குக் கை வலித்துவிடும் போல. யூடியூபில் கீபோர்டு அடித்துப் பாடும் புதுப் பாட்டுகள் வரிசைகட்டி நிற்கின்றன. இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களை வருடி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவம். கணினி அதை வேறு ஏதோ எழுத்தாகப் படித்துவிடுகிறது. 'கீர்த்தனை'யிலேயே ஒரு னை உட்கார்ந்திருக்கும்போது உள்ளே தேடி என்ன கிடைக்கும்?

வேறு பாட்டைப் பாடி அடக்கம் செய்தோம். பிறகொரு நாள் உங்கள் ஊழியர் ஒருவர் மனமிரங்கிப் பெட்டியைத் திறந்து காட்டினார். மேலாக இருந்த புத்தகங்களில் ஒன்றிலேயே அந்தப் பாட்டு இருந்தது. ராகம், தாளம், சரணம் எல்லாம் முழுசாக. ஓரத்தில் யாரோ ஒரு உபதேசியார் பென்சிலால், எந்த அடியை இரண்டு தரம் எடுக்க வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆங்கிலப் பாட்டுக்கு இந்த அல்லல் கிடையாது. ஞானப்பாட்டுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஹிம்னரி என்ற இணையதளத்தில் பாட்டின் நடுவிலிருந்து ஒரு வரியைப் போட்டாலும் பெரும்பாலும் பிடித்துவிடலாம். மெட்டின் பெயர், வரிக்கு எத்தனை அசை என்ற அசைக்கணக்கு, எந்த நூலில் எத்தனையாவது பாட்டு என்பது வரை வரும். நம் பாமாலைகளிலும் ஞானப்பாட்டுகளிலும் பல, ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் தமிழாக்கம். அதனால் 8.7.8.7 என்று தலையில் போட்டிருந்தால் அதை வைத்தே அங்கே மெட்டைத் தேடிவிடுவோம். கீர்த்தனைக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலேயே கட்டியது அது. 1853இல் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இந்தப் பெட்டிகளில் உள்ள புத்தகங்களில் ராகம், தாளத்தின் பெயர்தான் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. அதனால்தான் அந்தப் பென்சில் குறிப்புகள் எங்களுக்கு முக்கியம். ஆர்க்கைவில் வேறு படி இருக்கிறதே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அந்தப் படியில் எங்கள் உபதேசியார் எழுதவில்லை.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் இந்தச் சாஸ்திரியாரும், தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் (1826–1889) ஒரே ஆளாக இருக்கிறார்கள். ஒருவர் சுவிசேஷக் கவிராயர், இன்னொருவர் கத்தோலிக்க முன்சீப். இரண்டு பேரும் கீர்த்தனை எழுதியவர்கள் என்பதால் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கக் காசு இருந்தது. அது இதுவரை அச்சடித்துத் தந்தது சாவிக்கொத்துப் பொம்மைகள். வாசலில் 'ஜோம் பாச்சா', அதாவது 'வாருங்கள் வாசிப்போம்' என்ற மலாய்ப் பதாகை பளபளக்கிறது. வாசிக்கத்தான் ஐயா நாங்களும் வருகிறோம்! நம்ம ஆட்களையும் விட முடியாது. திரையில் பல்லவியை மட்டும் ஓட்டிவிட்டு ஆராதனை முடிந்தது என்று கிளம்பும் சபைகள் எத்தனை? புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றுதானே நாங்களும் இருந்தோம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறேன். உங்களுக்குச் செலவு வைக்க மாட்டோம். நூலகத்துறையில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளை ஒருத்தி சொல்கிறாள், நூலகங்கள் நூல் விவரத்தைக் கணினியில் ஏற்றும் மார்க் (MARC) பதிவில் தமிழ் எழுத்தை அப்படியே போட 880 என்று ஒரு புலம் இருக்கிறதாம். உங்கள் மென்பொருளில் அதைத் திறந்துவிட்டால் போதும். தட்டச்சு நாங்கள் செய்கிறோம். பாட்டின் முதலடி, ஒவ்வொரு சரணத்தின் முதல் வரி, ராகம், தாளம், பாமாலையானால் அசைக்கணக்கு, எந்தப் பெட்டியில் எந்தப் புத்தகம், எல்லாம் வரும். பென்சில் குறிப்புள்ள பக்கங்களை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும்.

பட்டியல் முடிந்த பிறகும் இடமில்லை என்றால் பெட்டிகளை எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் எங்கள் பாடகர் குழு வரும். பின்னறையில் ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் போதும், சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துச் சபைப் பாடகர் குழுவில் ஒருவன்