களைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன்

காங்கேயம்,
கார்த்திகை 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. கோவையில் மாடிவீட்டுக்குக் குடிபோனதும், மகள் இரண்டு முயல் வாங்கியதும் தெரிந்துகொண்டேன். தொட்டியில் காட்டுக்கீரை போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் நான் பட்ட பாட்டை முதலில் கேள்.

காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையைக் களையென்று ஆள் கூலி கொடுத்துக் கொத்தி எறிந்தவன்தானே நான்? போன வருஷம் புத்தி வந்து, அதையே விதைக்கலாமென்று கிணற்றடியில் நாலு பாத்தி கட்டினேன். விதையை ஒரு விரற்கடை ஆழத்தில் புதைத்துவிட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை! முளைத்ததெல்லாம் கோரையும் பார்த்தீனியமும். களை பயிரிட்டு, அதில் களை எடுத்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் மாட்டுக் கட்டுத்தரைக் குப்பைமேட்டில் பண்ணைக்கீரை தானாக இடுப்புயரம் வளர்ந்து நின்றது.

விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் தடவிவிட்டால் போதும். இந்த ஐப்பசி மழைக்கு அப்படித்தான் செய்தேன், பாத்தி நிறைந்துவிட்டது. கோழி கிளறாமல் இருக்க மேலே முள் போட்டேன். பூக்கடையில் விற்கும் கோழிக்கொண்டைப் பூவுக்குப் பண்ணைக்கீரை பங்காளி. கதிர் விடுமுன் கிள்ளிவிட வேண்டும், அப்புறம் நார்தான்.

நேற்று பண்ணைக்கீரையும் தொய்யல் கீரையும் சுக்குட்டி என்கிற மணத்தக்காளித் தழையும் கலந்து, சின்ன வெங்காயம் போட்டு மண்சட்டியில் கடைந்தோம். கம்மஞ்சோற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! நாய்க்கு மட்டும் வெங்காயம், உப்பு சேர்க்கும் முன்பே வெந்த பண்ணையில் கொஞ்சம் எடுத்துச் சோற்றில் பிசைந்து வட்டலில் வைத்துவிடுவேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது. பூனை கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டால் அந்த வேரில் புரண்டு புரண்டு எழும். பூனைவணங்கி என்று பெரியவர்கள் சும்மாவா பேர் வைத்தார்கள்!

முயலுக்கு அருகம்புல்லையே வயிறாரக் கொடு. பண்ணை ஒரு பிடி, அதுவும் பழக்கிப் பழக்கி. பருப்புக்கீரையும் சாரணையும் எப்போதாவதுதான். அவற்றில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், அளவு மீறினால் ஆகாது. நாமே வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். ரோட்டோரத்தில் பறித்துவிடாதே. போன மாதம் பக்கத்துக் காட்டு வரப்பில் தளதளவென்று தொய்யல் நின்றது. பறிக்கக் குனிந்தபோதுதான் அந்தக் காட்டுக்காரர் சொன்னார், முந்தின நாள் களைக்கொல்லி அடித்திருந்தாராம்.

பொட்டலத்தில் பண்ணை விதையும் தொய்யல் விதையும் வைத்திருக்கிறேன். குமுட்டிக் கீரை மட்டும் எங்கும் காணோம். சின்ன வயதில் சோளக்காட்டில் மடி மடியாகப் பறித்தோமே, அது. தைக்கு உன் மாமனார் தோட்டத்துக்குப் போனால், வரப்பைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வா. கிடைத்தால் கிள்ளிவிடாதே, விதை முற்றும்வரை விட்டுவை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை