அரை ஆழாக்கு அரிசி

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

வீட்டில் மிஞ்சுவதை வைத்து உன் நாய் மிளகுக்கு பிஸ்கெட் மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். போனில் சொன்னால் அம்மா பாதியைத் தன் கைப்பக்குவத்துக்கு மாற்றிவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். நாய்க்கு என்றால் மட்டும் அப்பா ஞாபகம் வருகிறது, பரவாயில்லை.

உன் வீட்டில் என்னென்ன மிஞ்சுகிறது என்று அம்மா காலண்டர் தாளுக்குப் பின்னால் குறித்து வைத்திருக்கிறாள். தினமும் ராத்திரி இரண்டு கிண்ணம் சாதம், மூன்று சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் பாதி, கொஞ்சம் தயிர். இரண்டு கிண்ணம் சாதம் தினமும் மிஞ்சுவது அதிகம். அது ஓர் ஆள் சாப்பாடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெங்காயம். குழம்பில் கிடந்த கறியை எடுத்து, தண்ணீரில் கழுவி, மிளகுக்குப் போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். கழுவினால் காரம் போகும், வெங்காயம் போகாது. அதன் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்தின் சிவப்பணுவை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் பொடியாக இருந்தாலும் அதே கதைதான். பொடியில் இன்னும் மோசம், தண்ணீர் வற்றிச் செறிந்து இருப்பதால். உடம்பு எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெங்காயம் உள்ளே போனாலே ஆபத்து. மிளகு 14 கிலோ, அதற்கு 70 கிராம் ஆகிறது. ஒரு நடுத்தர வெங்காயம்தானே. ஒரே நாளில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அப்போது நீ வெங்காயத்தை மறந்திருப்பாய்.

அடுத்தது புளி. சாம்பார் சாதம், ரசம் சாதம், புளியோதரை எதுவும் வேண்டாம். திராட்சை, கிஸ்மிஸ் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ரொம்ப நாளாகத் தெரியும். அதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் இருக்கிறது. இத்தனை காலமும் நம் பக்கத்து நாய்கள் ரசம் சாதம் தின்று வளர்ந்தவைதானே என்று அம்மா கேட்கிறாள். எத்தனை நாய் எத்தனை வயசு இருந்தது என்று யாரும் எண்ணவில்லை. நம்ம டைகர் விஷயம் உனக்குத் தெரியும், அதை விடு.

ஆகையால் மிச்சம் என்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டிலிருந்து எடுக்காதே. தாளிப்பதற்கு முன்னால், உப்புப் போடுவதற்கு முன்னால் எடுத்து வை. கோழி வாங்கியதும் எலும்பில்லாத கறியாக 150 கிராம் தனியே எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவை. வெந்தால் 100 கிராம் நிற்கும். அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிடாதே, மாவு பிசைய ஆகும். வெந்த எலும்பு மட்டும் ஒன்றுகூடப் போகக்கூடாது. பச்சை எலும்பு நசுங்கும், வெந்தது ஊசி ஊசியாகச் சிலும்பும், குடலைக் குத்தும். தோலும் வேண்டாம். கொழுப்பு ஒரே நேரத்தில் அதிகம் போனால் கணையம் வீங்கிவிடும்.

இனி அளவு. எழுதி அடுப்பங்கரையில் ஒட்டிக்கொள்.

உப்பில்லாத சாதம் ஒரு கிண்ணம், 150 கிராம். வேகவைத்து உதிர்த்த கோழி 100 கிராம். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி 50 கிராம். முட்டை ஒன்று. கேப்பை மாவு 150 கிராம். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. எண்ணெய், உப்பு, வெல்லம் எதுவும் கிடையாது.

சாதத்தையும் பூசணியையும் மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரை. சாதம் முழுசாக இருந்தால் காயும்போது அந்த இடத்தில் விண்டு போகும். பிறகு கறி, முட்டை, கடைசியில் மாவு. மாவை மொத்தமாகக் கொட்டாதே. சாதம் குழைந்திருந்தால் மாவு கூடுதலாகக் கேட்கும், உதிரியாக இருந்தால் குறைவாகக் கேட்கும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கையில் ஒட்டாத பதம். வறண்டுபோனால் கோழி வெந்த தண்ணீரை ஒரு கரண்டி தெளி. கேப்பையில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, முட்டைதான் பிடித்து நிறுத்துகிறது. முட்டை இல்லாத நாளில் 50 கிராம் கேப்பைக்குப் பதில் கோதுமை மாவு போடு. மாவை அரை மணி மூடி வை. சாத ஈரத்தைக் கேப்பை உறிஞ்சிக்கொள்ளும், தேய்க்கச் சுலபம்.

கால் அங்குலத் தடிமனில் தேய்த்து, ஓர் அங்குலச் சதுரமாகக் கத்தியால் கீறு. வட்டம், எலும்பு வடிவமெல்லாம் கடைக்காரன் வேலை, ஓரம் வீணாகும். 110 துண்டு வரும். மிளகு தெருவில் வளர்ந்தது, மெல்லாமல் விழுங்கும் பழக்கம் இருக்கும். இதைவிடப் பெரிதாக வெட்டாதே.

கல்யாணத்துக்குச் சித்தி கொடுத்த ஓவன் மூன்று வருஷமாக அட்டைப்பெட்டியில் இருக்கிறதே, அதை வெளியே எடு. 160 டிகிரியில் 25 நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிஷம். அதோடு நிறுத்தினால் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், நாலாம் நாள் பூஞ்சை. சூட்டை 100-க்கு இறக்கி இன்னும் ஒன்றரை மணி நேரம் காயவிடு. அணைத்த பிறகும் உள்ளேயே ஆறட்டும். காய்ந்ததா என்று கடித்துப் பார்ப்பதைவிடத் தராசில் போட்டுப் பார். அரைக் கிலோ மாவு 260 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 300-க்கு மேல் இருந்தால் ஈரம் போகவில்லை, மறுபடி உள்ளே வை. ஓவன் எடுக்க மனசில்லை என்றால் கனமான தோசைக்கல்லில் சிறு தீயில், மூடி போட்டு ஒரு பக்கம் 12 நிமிஷம், மறுபக்கம் 12 நிமிஷம். ஆனால் அது மெத்தென்றுதான் வரும். பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும், அல்லது பிரீசரில் போட்டு வேண்டியபோது எடுக்கலாம்.

நன்றாகக் காய்ந்ததை ஆறிய பிறகே டப்பாவில் போடு. சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து எல்லாம் வீண். பெங்களூர் மழைக்காலத்தில் 12 நாளுக்கு மேல் வெளியே வைக்காதே. ஒரு துண்டில் பச்சையாகப் பூத்தாலும் மொத்த டப்பாவையும் குப்பையில் கொட்டு. பூத்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிற சிக்கனம் அம்மாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கும், அதனால் சொல்கிறேன்.

எத்தனை கொடுக்கலாம் என்றால், 14 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 800 கலோரி போதும். தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 80. நான் சொன்ன அளவில் ஒரு துண்டு எட்டரை கலோரி வரும். ஆக ஒன்பது. ஒன்பதையும் காலையில் டம்ளரில் எண்ணிப் போட்டு வை, தீர்ந்தால் அன்றைக்குக் கணக்கு முடிந்தது. ஒன்றை நாலாக உடைத்தாலும் நாய்க்கு அதே சந்தோஷம்தான். எத்தனை தடவை கொடுத்தாய் என்றுதான் அது பார்க்கும், எவ்வளவு கொடுத்தாய் என்று பார்க்காது. இது சாப்பாடு இல்லை, தீனி. இதை நிறையக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்காதே. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிஸ்கெட்டும் காப்பியும் ராத்திரிச் சாப்பாடு ஆகாது.

தயிர் மிஞ்சினால் புளிப்பதற்கு முன் பாதி வாழைப்பழத்தோடு மசித்து ஐஸ் தட்டில் உறையவைத்து, நாளைக்கு ஒரு கட்டி கொடு. தயிர் சேரவில்லையென்றால் கழியும், உடனே நிறுத்து. சப்பாத்தியில் உப்பு இருக்கும், விரல் அகலத் துண்டு போதும். இட்லி பாதி தரலாம், பச்சை மாவு மட்டும் வேண்டாம், வயிற்றுக்குள் போய்ப் பொங்கும். கருவாடு உப்புக் கிடங்கு. அங்கே கடைகளில் கடலை வெண்ணெய் விற்கிறார்களே, வாங்கினால் சீட்டைப் படி. சர்க்கரை இல்லாதது என்று போட்டு, சைலிட்டால் என்கிற இனிப்பு கலந்திருந்தால் நாய்க்கு அது விஷம். அரை மணியில் ரத்தச் சர்க்கரை இறங்கி விழுந்துவிடும். சர்க்கரை இல்லாத சூயிங்கமிலும் அது உண்டு, உன் கைப்பையைத் தரையில் வைக்காதே. எதையாவது தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம், உப்பே அதைக் கொன்றுவிடும். தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு உடனே மருத்துவரிடம் தூக்கிப் போ.

தெருவில் நொண்டிக்கொண்டிருந்ததைத் தூக்கி வந்து, தடுப்பூசி போட்டு, தேற்றி 14 கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறாய். சின்ன மாமாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் ராஜபாளையம் ஜாதி என்ன விலை என்று ஆரம்பித்தார். என் மகள் விலைக்கு வாங்கவில்லை என்றேன்.

இப்போது சாதம். வெந்த சாதத்தை ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட்டு, காலையில் அதை எடுத்து அரைக்காதே. சாதத்தில் வளர்கிற கிருமி விடுகிற விஷம் மறுபடி சுட வைத்தாலும், ஓவனில் வைத்தாலும் அழியாது. அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள், பரத்தி ஆறவைத்து, பிரிட்ஜில் வை. இரண்டு நாளுக்குள் பயன்படுத்து. அதைவிட மிஞ்சாமல் வடிப்பது நல்லது. அம்மா சொன்ன கணக்குப்படி நீ ராத்திரிக்கு ஓர் ஆழாக்கு போடுகிறாய். உனக்கு மட்டும் என்றால் அரை ஆழாக்கு போதும். 12 நாளைக்கு ஒரு கிண்ணம்தான் பிஸ்கெட்டுக்கு வேண்டும். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை அதிகம் என்று அம்மா சொன்னாள். சரி. வருவார் என்று போட்டு, வராமல், தினமும் இரண்டு கிண்ணம். அரை ஆழாக்கு போடு.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னாள். மிளகு செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் சுருண்டு படுத்திருக்கிறது. பொங்கலுக்கு நாங்கள் வந்திருந்தபோது அந்தத் தட்டில் ஆண்பிள்ளைச் செருப்பும் ஷூவும் நாலு ஜோடி இருந்தது. மேல்தட்டில் உன்னுடையது அப்படியே இருக்கிறது. நாய்க்கு இருட்டான, மூன்று பக்கம் அடைத்த இடம் பிடிக்கும். அதனால் படுத்திருக்கும். பழைய சாக்கு ஒன்று மடித்துப் போடு, தரை குளிரும்.

ஆடி மாசம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் செய்தாய். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிட்டேன். அம்மா எழுந்து வந்து வாங்குவதற்குள் அது மிளகுக்குப் பூச்சி மாத்திரை எத்தனை என்கிற கேள்வியாக மாறிவிட்டது. ஒன்றரை என்று நான் கட்டிலில் இருந்தபடியே சொன்னேன். பூச்சி மாத்திரைக்கு யாரும் பத்தரை மணிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு மாடு ஒரு நேரம் தீவனத்தில் வாய் வைக்கவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியவன் நான். என்ன கேட்பேனோ, நீ என்ன சொல்வாயோ என்று பயந்துதான் போனைக் கை மாற்றினேன். பெரியத்தை வீட்டு விஷயத்திலும் இப்படித்தான் செய்தேன், அவள் கடைசிவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். அம்மா வரவில்லை, முழங்கால் வலி. இரண்டு கிலோ கேப்பை மாவு திரித்து எடுத்து வருகிறேன், அங்கே பாக்கெட்டில் விற்பது எப்போது அரைத்ததோ. ஓவனை நான் வந்து மாட்டித் தருகிறேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் மிளகை நடக்கக் கூட்டிப் போவேன்.

சனிக்கிழமைக்கு ஓர் ஆழாக்கே போடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கழுவினாலும் வெங்காயம் போகாது. தராசுக்கு பேட்டரி வாங்கி வை. அம்மா உனக்குப் பருப்புப்பொடி கொடுத்து விடுகிறாள், அதில் பூண்டு இருக்கிறது, மிளகுக்கு எட்டாத தட்டில் வை.