பிள்ளைகளே போடட்டும்: பிளஸ் ஒன் இயற்பியல், கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படிப்பவர்கள். பகலில் உங்கள் வகுப்பில் புரியாமல் போனதைத்தான் மாலையில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. 2017-18 கல்வியாண்டில் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் புரட்டாமலேயே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் ஓட்டிக்கொண்டிருந்தன. இனி பழையபடி ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. தேர்வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இதை எழுதவில்லை. பொதுத்தேர்வின் நெருக்கடி இல்லாத இந்த ஒரு வருடத்தை, பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுப் பழகும் வருடமாக ஆக்கித் தாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது என்ன நடக்கிறது? எடுத்துக்காட்டுக் கணக்கு முழுத் தீர்வோடு போர்டில் ஏறுகிறது, பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டால் போட்டுவிடுகிறார்கள். சூழலைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் "இதை நடத்தவே இல்லையே" என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒரு கணக்கோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிப் பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு வாய்க்கவில்லை. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் கணக்கு வினாக்களை அப்படியே விட்டாலும் பாஸ் ஆகிவிடலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 20 மீட்டர் உயர மாடியிலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேராக மேலே எறிகிறோம். எப்போது தரையைத் தொடும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் ஓர் எளிய இருபடிச் சமன்பாடு வரும். அதற்கு இரண்டு விடை: 4 வினாடி, மைனஸ் 1 வினாடி. "நேரம் மைனஸில் வராது" என்று இரண்டாவதை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். நோட்ஸிலும் அப்படித்தான் இருக்கும்.

அங்கே கொஞ்சம் நின்றால் என்ன? அந்த மைனஸ் 1 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடமே கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் வகுப்பு அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது மைனஸ் 1-ஐ வேகச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பார்கள். 25 வரும். அதாவது, நாம் எறிவதற்கு ஒரு வினாடி முன்பே தரையிலிருந்து வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஒரு கல் கிளம்பியிருந்தால், அது சரியாக நாம் எறியும் கணத்தில் மாடியை 15 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, நம் கையும் தெரியாது. அந்தப் பாதை மட்டும்தான் தெரியும். 4 வினாடியில் கீழே விழும்போதும் வேகம் அதே 25. மைனஸ் 1-க்கும் 4-க்கும் நட்டநடுவில் இருப்பது 1.5. கல் உச்சிக்குப் போகும் நேரமும் அதுதான். கணித வகுப்பில் வெறும் மூலங்களாக இருந்த இரண்டு எண்கள் இங்கே கல்லின் ஏற்றமும் இறக்கமுமாக ஆகிவிடுகின்றன. இதைத் தானே கண்டுபிடித்த ஒரு பெண் அன்று வீட்டுக்குப் போகவே மறந்து உட்கார்ந்திருந்தாள்.

கப்பிக் கணக்கிலும் இப்படி ஓர் இடம் உண்டு. கயிற்றின் இரு முனையிலும் இரண்டு நிறைகள், முடுக்கத்துக்கு ஒரு சூத்திரம். அதை மனப்பாடம் செய்தவர்கள், பின்னத்தின் மேல்பகுதியில் வருவது நிறைகளின் கூட்டலா கழித்தலா என்று தேர்வு ஹாலில் தடுமாறுவார்கள். இரண்டு நிறையும் சமமானால் எதுவும் அசையாது, ஒரு பக்கம் நிறையே இல்லாவிட்டால் இன்னொன்று தானாக விழும் என்று யோசிக்கப் பழகியவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. வந்த விடையைத் தாங்களே சோதித்துக்கொள்வார்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் எல்லாப் பாடவேளையையும் கேட்கவில்லை. வாரத்தில் ஒன்று போதும். அந்த ஒரு பாடவேளையில் தீர்வை எழுதாதீர்கள். கணக்கை மட்டும் எழுதிவிட்டு, படம் வரையச் சொல்லி, பெஞ்சு பெஞ்சாக நடந்து பாருங்கள். விசைப்படத்தில் யார் எந்த அம்புக்குறியை விட்டார்கள் என்பது ஒரு சுற்றில் தெரிந்துவிடும். எத்தனை விடைத்தாள் திருத்தினாலும் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இன்னொன்று, இது இரண்டு பாட ஆசிரியர்களும் சேர்ந்து செய்ய வேண்டியது. 2018-இல் வந்த புத்தகங்களில், இயற்பியலின் 2-ஆவது அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் நுண்கணிதமும் தேவைப்படுகின்றன. கணிதத்தில் வெக்டர் இயற்கணிதம் வருவதோ 8-ஆவது பாடத்தில், இரண்டாம் தொகுதியில். வகை நுண்கணிதம் அதற்கும் பின்னால். இயற்பியல் புத்தகம் தருகிற சில பக்க அறிமுகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பல மாதங்களை ஓட்டுகிறார்கள். கணிதமே எடுக்காத தாவரவியல், விலங்கியல் குரூப் பிள்ளைகளுக்கு அந்தச் சில பக்கங்கள் மட்டும்தான் கடைசி வரைக்கும். நீட் எழுதப்போவதும் பெரும்பாலும் இவர்கள்தான். 180 நிமிடத்தில் 180 கேள்வி என்ற அந்தத் தேர்வுக்குக் குறுக்குவழிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அடிப்படை இல்லாமல் அவை எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பாடப்புத்தகத்தின் வரிசையை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஜூன் மாதமே பேசிக்கொள்ளலாம். வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பதும், வகைக்கெழு என்றால் மாறும் வீதம் என்பதும் முதல் சில வாரங்களில் கணித வகுப்பிலேயே கணக்குகளாக நடந்துவிட்டால் போதும். பள்ளி அளவில் நீங்களே தாள் தயாரிக்கும் தேர்வுகளில் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்காவது வையுங்கள். விடை தப்பாக இருந்தாலும் சரியான படத்துக்கும் சரியாக எடுத்த முதல் அடிக்கும் மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் வெற்றுத்தாள் கொடுக்கிற பிள்ளையும் எழுத ஆரம்பிக்கும்.

அன்புடன்,
மாலை வகுப்பு நடத்தும் ஒருவர்