பிளஸ் குறி இடம் மாறிய போர்டு: ஆம்ப்ளிஃபயர் கிட் பற்றிய புகார்

அனுப்புநர்
பில்லில் கண்ட வாடிக்கையாளர்,
காரைக்குடி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிட்டின் போர்டில் ஃபில்டர் கண்டென்சரின் பிளஸ் குறி தவறாக அச்சிடப்பட்டிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மே மாதம் தங்களிடம் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிட் வாங்கினேன். விலை 1,450 ரூபாய். தபால் செலவு தனி. ஒலியைப் பெருக்கும் இரண்டு டி.டி.ஏ. 2030ஏ ஐசிகள், டோன் கன்ட்ரோல் பகுதி, பவர் சப்ளை எல்லாம் ஒரே போர்டில் அமைந்த கிட் அது. டிரான்ஸ்பார்மரை மட்டும் இங்கே 12-0-12 வோல்ட், 3 ஆம்பியரில் வாங்கிக்கொண்டோம். பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த என் பேத்தி அதைச் சேர்த்து முடித்தாள். முதன்முதலாகக் கரண்ட் கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் சப்ளையைச் சீராக்கும் இரண்டு ஃபில்டர் கண்டென்சர்களில் (கப்பாசிட்டர்களில்) ஒன்று வெடித்தது.

கண்டென்சரைத் தலைகீழாகப் பொருத்தினால் வெடிக்கும், சேர்ப்பவர் செய்யும் தவறுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று தங்கள் சேவைப் பிரிவு தொலைபேசியில் ஒரு முறையும் மின்னஞ்சலில் ஒரு முறையும் பதில் தந்துவிட்டது. அது தலைகீழாகத்தான் பொருத்தப்பட்டிருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அப்படிப் பொருத்தச் சொன்னது தங்கள் போர்டின் மேல் இருக்கும் வெள்ளை அச்சு. இதைத்தான் அந்த இரண்டு பதில்களிலும் யாரும் பார்க்கவில்லை.

நான் 34 ஆண்டுகள் ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி. பழுதுபார்க்கும் கடை நடத்தியவன். என் மேசைக்கு வந்த செட்டுகளின் போர்டுகளைப் படித்துத்தான் என் குடும்பம் சாப்பிட்டது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. விவரம் தெரியாத ஒருவரின் கோபம் என்று இந்தக் கடிதத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பேத்தி இந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதில்லை. அவளாகவே கேட்டாள். அதனால் கிட் வந்த நாளிலிருந்து நான் கை வைக்கவில்லை. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் நிறம் பார்த்துப் படித்து, மீட்டரில் அளந்து, சரியாக இருந்தால்தான் துளையில் செருகினாள். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 22 கிலோ ஓம். நீலம், சாம்பல், பழுப்பு என்றால் 680 ஓம். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த ஐசியின் பெருக்கத்தை ஏறக்குறைய 33 மடங்காக நிறுத்துகின்றன என்று சொன்னபோது, தாளில் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். நான்கு மாலைகள் வேலை செய்தாள். ஈயம் வைத்த இடங்கள் ஒவ்வொன்றும் பளபளப்பாக, சிறு கூம்பு போல நின்றன. எந்த இடத்திலும் மங்கலோ உருண்டையோ இல்லை.

நான்காம் நாள் மாலை போர்டோடு என்னிடம் வந்தாள். "தாத்தா, இந்த சி2 கண்டென்சரில் பிளஸ் குறி ஒரு துளை பக்கம் இருக்கிறது. ஆனால் சதுரமான ஈயப் புள்ளி மற்றத் துளையில் இருக்கிறது. மற்ற எல்லாக் கண்டென்சர்களிலும் சதுரமும் பிளஸ்ஸும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இது மட்டும் ஏன் மாறியிருக்கிறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை நினைத்து இன்றும் வருந்துகிறேன். "சதுரம் என்பது வழக்கம்தான், சட்டம் இல்லை. அச்சில் என்ன இருக்கிறதோ அதன்படி செய்" என்றேன். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. அச்சடித்து விற்கும் நிறுவனம் பிளஸ், மைனஸ் விஷயத்தில் தவறு செய்யாது என்று நம்பினேன்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊது உலை போல ஒரு சீறல். அடுத்து ஒரு வெடிச்சத்தம். கண்டென்சரின் தலையில் கீறிவிடப்பட்டிருக்கும் குறுக்குக் கோடு பிளந்து, வெள்ளைப் புகையும் ஈரக் காகிதத் துணுக்குகளும் மேசையெங்கும் தெறித்தன. அந்த நேரத்தில் அவள் ஸ்பீக்கர் கம்பியை எடுக்கக் கீழே குனிந்திருந்தாள். போர்டின் மேல் முகத்தை வைத்து ஐசி சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என் கை வரவில்லை.

மறுநாள் காலை போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒற்றைப் பக்கச் செம்புத் தடம் உள்ள போர்டில் இது எளிது. பின்னால் உள்ள தடங்கள் நிழலாகத் தெரியும், முன்னால் உள்ள அச்சோடு பொருத்திப் படித்துவிடலாம். டிரான்ஸ்பார்மரின் நடுக் கம்பி வந்து சேரும் தடம் அகலமாக போர்டின் நடுவே ஓடுகிறது. அதுதான் கிரவுண்டு. சி1 அதன் ஒரு பக்கத்தில், சி2 மறு பக்கத்தில். சி1-இன் வெளிப்பக்கத் துளை பிளஸ் 17 வோல்ட் தடத்தில் இருக்கிறது (12 வோல்ட் ஏசி, டிசியாக மாறிக் கண்டென்சரில் நிறையும்போது ஏறக்குறைய 17 ஆகும்). அங்கே பிளஸ் குறி, சரி. சி2-இன் வெளிப்பக்கத் துளை மைனஸ் 17 வோல்ட் தடத்தில் இருக்கிறது. அங்கேயும் பிளஸ் குறி!

பிளஸ், மைனஸ் இரண்டும் தரும் இரட்டை சப்ளை என்றால் மைனஸ் பக்கக் கண்டென்சரின் பிளஸ் கால் கிரவுண்டில்தான் நிற்க வேண்டும். கிரவுண்டைவிட மைனஸ் தடம் 17 வோல்ட் கீழே இருப்பதால், இரண்டில் மேலே இருப்பது கிரவுண்டுதான். தங்கள் வரைபடக்காரர் சி1-ஐ வரைந்துவிட்டு, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அதையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறு பக்கம் வைத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பிளஸ்களும் வெளியே பார்த்து நிற்பது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை நடுக் கம்பியிலும் மறு முனையை சி2-இன் சதுரப் புள்ளியிலும் வைத்தேன். பீப் ஒலி வந்தது. சதுரம் கிரவுண்டில் இருக்கிறது. செம்புத் தடத்தைப் போட்டவர் சரியாகவே போட்டிருக்கிறார். அதன் மேல் வெள்ளை அச்சைப் போட்டவர்தான் தவறிவிட்டார். ஒரே போர்டில் ஒன்று உண்மையும் மற்றொன்று பொய்யும் சொல்கின்றன. அதை என் பேத்தி கண்டுபிடித்துக் கேட்டாள்.

கண்டென்சர் ஏன் வெடித்தது என்பதைத் தங்கள் சேவைப் பிரிவினரும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. கரண்டைத் தடுத்து நிறுத்துவது அதுதான். சரியான திசையில் வோல்டேஜ் இருக்கும்வரை படலம் நிலைக்கும். திசை மாறினால் சிதையும். தலைகீழ் வோல்டேஜ் ஒன்று, ஒன்றரை வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து. இங்கே 17 வோல்ட். கரண்ட் உள்ளே பாய்ந்து, திரவம் கொதித்து, வாயு அடைபட்டு, தலையைப் பிளந்துகொண்டு வெளியேறியது. 25 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சர் அது. 35 வோல்ட்டில் போட்டிருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும்.

என் தவறு ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடைக் காலத்தில் புதிதாகச் சேர்த்த எந்த செட்டையும் 60 வாட் பல்பைத் தொடராக இணைக்காமல் நான் கரண்ட் கொடுத்து ஏற்றியதில்லை. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பல்பு மாட்டிய பலகை பரணில் கிடந்தது. நான் எடுத்து வரவில்லை. ஆனால் தங்கள் விளக்கத் தாளில் "இணைப்புகளைச் சரிபார்த்த பின் மின்சாரம் கொடுக்கவும்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. எதை வைத்துச் சரிபார்ப்பது? அந்தத் தாளில் சர்க்யூட் படமே கிடையாது. பொருள்கள் எங்கெங்கே உட்கார வேண்டும் என்ற லேஅவுட் படம் மட்டும் இருக்கிறது. அதுவும் போர்டின் அச்சை அப்படியே நகலெடுத்தது. அதே பிளஸ், அதே தவறான இடத்தில். சர்க்யூட் படம் இருந்திருந்தால் என் பேத்தி தன் சந்தேகத்தை என்னிடம் கொண்டுவரத் தேவையே இருந்திருக்காது. மைனஸ் பக்கக் கண்டென்சரின் பிளஸ் கிரவுண்டில் இருப்பதை அவளே பார்த்திருப்பாள்.

சி2-ஐ மாற்றி, சரியான திசையில் பொருத்தி, பல்பைத் தொடரில் வைத்து ஏற்றினேன். நல்லவேளையாக ஐசிகள் பிழைத்திருந்தன. ஆனால் ஒலி மெலிந்து, கரகரத்து வந்தது. தேடிப் பார்த்தால், போர்டில் பி.சி. 547 என்று அச்சிட்டுவிட்டு, உறையில் 2என் 3904 டிரான்சிஸ்டர்களைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால், முன்னதற்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போடுவது தவறில்லை, நானும் போட்டிருக்கிறேன். திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்க வேண்டாமா? வால்யூமை இடப்பக்கம் திருப்பினால் ஒலி கூடியது. கன்ட்ரோல்களுக்குக் கம்பி இழுக்கும் படத்தைச் செம்புப் பக்கமிருந்து பார்த்தது போல வரைந்துவிட்டு, அதை எங்கும் குறிப்பிடாததன் விளைவு அது.

ஐசியின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடான ஹீட் சிங்க் பற்றிய வரிதான் இன்னும் பயமாக இருக்கிறது. "ஹீட் சிங்கை இரும்புப் பெட்டியோடு சேர்த்து ஸ்குரூ போடவும்" என்கிறது தாள். டி.டி.ஏ. 2030ஏ-இன் உலோக முதுகு மூன்றாம் காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு இணைந்தது. பெட்டியோ கிரவுண்டில் இருக்கிறது. இடையில் மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் ஸ்குரூ போட்டால் மைனஸ் சப்ளை நேராகக் கிரவுண்டில் ஷார்ட் ஆகும். உறையில் மைக்காவும் இல்லை, வாஷரும் இல்லை, தாளில் எச்சரிக்கையும் இல்லை. சப்ளையில் ஃபியூஸும் இல்லை. பெட்டிக்குள் போடும் கட்டத்துக்கு நாங்கள் வராததால் தப்பித்தோம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஸ்பீக்கரில் ஒரு ஹம், அதாவது ரீங்கார இரைச்சல், போகாமல் இருந்தது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அல்ல, அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். இன்புட்டின் கிரவுண்டை, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயருக்கும் கண்டென்சர்களுக்கும் நடுவே உள்ள தடத்தில் கொண்டுபோய் முடித்திருக்கிறீர்கள். கண்டென்சர்கள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஆகும்போதும் அந்தத் தடத்தில் பாயும் துடிப்பு இன்புட்டுக்குள் புகுகிறது. பிளேடால் தடத்தை வெட்டி, சி1-ம் சி2-ம் கூடும் புள்ளியிலிருந்து இன்புட் கிரவுண்டுக்குத் தனிக் கம்பி இழுத்தோம். ஹம் போய்விட்டது. இதைக் குற்றமாக எழுதவில்லை. பெரிய நிறுவனங்களின் செட்டுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை போர்டு அடிக்கும்போது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பேத்திக்கும் இந்த வேலைதான் மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் வெடித்த நாளிலிருந்து, தங்கள் இரண்டாவது பதில் வந்த பிறகும், அவள் மீட்டரைத் தொடவில்லை. "சேர்ப்பவரின் தவறு" என்ற சொல்லை மின்னஞ்சலில் அவளே படித்துவிட்டாள். போர்டை வெளிச்சத்தில் பிடித்துத் தடத்தை அவள் விரலாலேயே தொடர வைத்த பிறகுதான் மறுபடியும் மேசைக்கு வந்தாள். என்னைப் போல ஒருவர் வீட்டில் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் இந்த கிட்டை வாங்கியிருப்பார்கள்? தனக்குக் கை வராது என்று எண்ணி எத்தனை பேர் அதைப் பெட்டியோடு ஓரம் கட்டியிருப்பார்கள்?

ஆகவே, இதே அச்சுள்ள போர்டுகளை விற்பதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் முகவரிகள் தங்களிடம் இருக்கின்றன. சி2-இன் பிளஸ் கிரவுண்டில் நிற்க வேண்டும் என்பதையும், டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போட வேண்டும் என்பதையும், மைக்கா இல்லாமல் ஹீட் சிங்கைப் பெட்டியில் பூட்டக் கூடாது என்பதையும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். இனி வரும் கிட்டுகளில் சர்க்யூட் படத்தைச் சேருங்கள். எந்தப் படம் செம்புப் பக்கம், எது பொருள் பக்கம் என்று அதன் தலையிலேயே எழுதுங்கள். முதல் முறை தொடர் பல்போடு ஏற்றச் சொல்லி ஒரு வரி போடுங்கள். எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். கண்டென்சர், மைக்கா, வாஷர் ஆகியவற்றை நானே வாங்கிக்கொண்டேன்.

சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுரையும் எச்சரிக்கையும் தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்வது. 15 நாள்களுக்குள் மேற்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். என் ஊரிலிருந்தே வழக்குத் தொடரலாம் என்பதும், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை என்பதும் தெரிந்தே எழுதுகிறேன். பில்லின் நகல், போர்டின் இரு பக்கப் படங்கள், பிளந்த கண்டென்சரின் படம் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். போர்டை மட்டும் அனுப்ப மாட்டேன். அது இப்போது எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் பேத்தியின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பில்லில் உள்ள முகவரியே போதும். கண்டென்சர் வெடித்தது அவள் தவறு அல்ல, அச்சின் தவறு என்று அதில் எழுதுங்கள். சதுரமும் பிளஸ்ஸும் பொருந்தவில்லை என்பதை அவள் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே கவனித்துக் கேட்டாள் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.