ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

திண்டுக்கல்–பழனி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழில். போன வருடம் ஆடி மாதம் என் எடை 94 கிலோ. இன்றைக்கு 83. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் "என்ன மருந்துண்ணே சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். எடை குறைக்கிற பவுடர் ஏதாவது வாங்கினீர்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். அப்படி எதுவும் வாங்கவில்லை. இந்த ரூட்டில் இருக்கிற சில பேர் எனக்காகச் செய்ததைத்தான் நான் பதிலாகச் சொல்ல முடியும். அவர்களிடம் நேரில் நன்றி சொன்னால் "அட போங்கண்ணே, இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கிறேன்.

முதலில் டாக்டரம்மாவுக்கு. ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும் என்று உங்களிடம் வந்தேன். பிரஷர் அதிகம், சர்க்கரையும் பார்டரில் இருக்கிறது என்று சொன்னீர்கள். திட்டவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தீர்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், வயிற்றைச் சுற்றிச் சேருகிற கொழுப்புதான் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினீர்கள். அப்புறம் ஒரு லண்டன் கதை சொன்னீர்கள். அதை நான் எத்தனையோ டிரைவர்களிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாராம். 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. ஆனால் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வந்திருக்கிறது. டிக்கெட் போடுவதற்காகக் கண்டக்டர்கள் தினமும் 500 முதல் 750 படிகள் வரை ஏறியிருக்கிறார்கள். டிரைவர்கள் சீட்டை விட்டு நகரவில்லை. 1956-ல் அவர்களுடைய யூனிஃபார்ம் அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் டிரைவர்களின் இடுப்பளவுதான் பெரிது.

இதைக் கேட்டபோது என் மனசு லேசானதை என்னால் மறக்க முடியாது. உடம்பு போட்டால் "வாயைக் கட்டு", "சோம்பேறித்தனம்" என்றுதான் இத்தனை வருடமும் காதில் விழுந்திருக்கிறது. காலை நாலரைக்கு வண்டியை எடுத்து ராத்திரி பத்துக்கு நிறுத்துகிறவன் சோம்பேறியா? இந்த வேலையே ஆளை உட்கார வைக்கிற வேலை, அதனால் வேலைக்கு உள்ளேயே வழி தேட வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள். இலக்கையும் சின்னதாக வைத்தீர்கள். இருக்கிற எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தால் போதும், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் அதுவே பெரிய உதவி என்றீர்கள். எனக்கு அது ஐந்து, ஆறு கிலோ. அது என்னால் ஆகும் என்று தோன்றியது. இருபது கிலோ என்று சொல்லியிருந்தால் வாசலோடு போயிருப்பேன்.

அடுத்து என் கண்டக்டர் தம்பிக்கு. தம்பி, உனக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

நம் தொழிலில் வண்டி ஸ்டாண்டில் நின்றாலும் டிரைவர் சீட்டில்தான் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடுவார், இல்லை செல்லைப் பார்ப்பார். நீ அதை மாற்றினாய். வண்டி நின்றதும் என் பக்கத்துக் கதவைத் திறந்து "இறங்குங்கண்ணே" என்று நின்றாய். கெஞ்சவும் இல்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இறங்குகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இறங்கினதும் "ஒட்டன்சத்திரம், பழனி" என்று ஆள் கூப்பிடுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு நீ டிரிப் ஷீட் எழுதினாய். வண்டியைச் சுற்றி நடந்து டயரைத் தட்டிப் பார், கடைசி பிளாட்பாரம் வரைக்கும் போய் டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கி வா என்று ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாய். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் நடப்பதில் என்ன ஆகப் போகிறது என்று நான் கேட்டதற்கு, டாக்டரம்மாவிடம் நீயே போன் போட்டுக் கேட்டாய். வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடக்க வேண்டும், முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்பார்கள், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது, துண்டு துண்டாக நடந்தாலும் சேரும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு சிங்கிளுக்கும், அதாவது ஒரு பக்க டிரிப்புக்கும், ஒரு துண்டு நடை என்று ஆனது.

இன்னொன்றும் கவனித்தேன். ராத்திரி கடைசி டிரிப் முடிந்து நாம் வழக்கமாகப் போகிற பரோட்டா கடைக்கு நீ வருவதை நிறுத்திவிட்டாய். ஒல்லியான உடம்பு, நாலு பரோட்டா உனக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் என் எதிரில் சால்னா வாசனை வரக் கூடாது என்று இட்லிக் கடைக்கு என்னோடு வந்து உட்கார்ந்தாய். கூடப் பிறந்தவன்கூட இதைச் செய்வானா என்று தெரியவில்லை.

ஒட்டன்சத்திரம் டீக்கடை அண்ணனுக்கு. பஸ் நிற்கிற கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீயும் வடையும் காசில்லாமல் வரும். அது அன்பு, அதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம் ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க மொத்தம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். டிரைவர் குடிக்கிற டீக்கு அந்தக் கணக்கு எங்கே தாங்கும்? நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த டிரிப்பில் கண்ணாடி கிளாஸில் சர்க்கரை இல்லாத டீ, வடைத் தட்டு வருகிற இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல். "வடை எண்ணெய், இது அவிச்சதுண்ணே" என்றீர்கள். இப்போது அந்தச் சுண்டலை மற்ற வண்டி டிரைவர்களும் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆயக்குடி கொய்யாக்கார அக்காவுக்கு. அக்கா, ஜன்னலோரம் கூடையைத் தூக்கிக் காட்டி நீங்கள் விற்கிற கொய்யாதான் என் மதியப் பசியை அடக்கியது. காய்ப்பதமாக, விதை கடினமில்லாததாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைப்பீர்கள். பிரஷர் இருப்பதால் உப்பு கூடாது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு உப்பு மிளகாய்ப்பொடி பொட்டலம் இல்லாமல் நறுக்கின கொய்யா மட்டும் வரும். வண்டி அங்கே நிற்பதே அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

மாதா மாதம் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிற மக்களைத் தேடி மருத்துவம் தங்கச்சிக்கு. 2021 ஆகஸ்ட்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது அது வயதானவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஓய்வில் இருக்கிற நாளைப் பார்த்து வந்து பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகிறாய். எடை 88-ல் நின்று அசையாமல் இருந்த மாதங்களில் எனக்கு மனசு விட்டுப்போனது. நீதான் டாக்டரம்மாவிடம் போய்ப் பேசச் சொன்னாய். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது, நடையையும் சாப்பாட்டையும் மாற்றிய ஆட்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு எடை அவ்வளவாகக் குறையவே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். தராசு முள் நகராவிட்டாலும் உடம்புக்குள்ளே வேலை நடக்கிறது என்று புரிந்தபோதுதான் மறுபடி தெம்பு வந்தது. இப்போது மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்த மாட்டேன்.

முதலாளிக்கும் நன்றி. ஆள் தட்டுப்பாட்டில் தொடர்ந்து டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் போட்டு ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று பழையபடி ஆக்கிக் கொடுத்தீர்கள். தூக்கம் இல்லாத உடம்புக்குப் பசி அதிகம் எடுக்கும். நான் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் என் மனைவிக்கு. நான் கிளம்புவதற்காக நீ மூன்று மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாய். அத்தை "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லித் தினமும் கொள்ளுத் துவையல் அரைத்தார்கள். கொள்ளு மந்திரம் ஒன்றும் இல்லை. பயறு என்பதால் வயிறு நிறைந்து நிற்கிறது, அதுவே போதும். உண்மையில் வேலை செய்தது நீ டிபன் கேரியரில் செய்த மாற்றம். சோறு இருந்த பெரிய அடுக்கில் பொரியலையும், பொரியல் இருந்த சின்ன அடுக்கில் சோற்றையும் வைத்தாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிற பையன்கள் பீன்ஸும் புடலங்காயும் மலிவாகக் கொடுத்ததில் அந்தப் பெரிய அடுக்கு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. அவர்களுக்கும் என் நன்றி.

டெய்லர் பாய்க்கு. டிரைவர்களுக்குக் காக்கி பேண்ட் தைக்கும்போது பின்பக்கம் உள்ளே இரண்டு இஞ்ச் துணி விட்டுத் தைப்பது உங்கள் பழக்கம். எல்லாரும் பெருத்துக்கொண்டுதான் வருவார்கள், பிரித்து விடலாம் என்று. 42 இஞ்ச் இடுப்பை 40 ஆக்கியபோது கூலி வாங்கவில்லை. போன மாதம் 38-க்குக் கொண்டுவந்தபோது அந்த உள்துணியைக் கத்தரிக்கோலால் வெட்டி என் கையில் கொடுத்து, "இனி இது வேணாம் டிரைவரே" என்றீர்கள். கண் கலங்கிவிட்டது.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை வருடா வருடம் வண்டியில் ஒதுங்கி ஒதுங்கிக் கடந்திருக்கிறேன். இந்த வருடம் கண்டக்டர் தம்பி வீட்டாரோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து நானும் நடந்தேன். முழங்கால் தாங்க வேண்டுமே என்று படிப் பாதையில் ஏறாமல் யானைப் பாதை வழியாக மலை ஏறினேன். முன்பின் தெரியாத ஒரு பாட்டி வழியெல்லாம் "மெல்ல வாப்பா" என்று என் நடைக்கு நின்று நின்று வந்தார். அவருக்கும் என் கும்பிடு.

இந்த ரூட்டில் ஓடுகிற மற்ற டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. மதியம் என் வண்டி பழனியில் முக்கால் மணி நேரம் நிற்கும். சாப்பிட்டுவிட்டு கிரிவீதியில் நடக்கிறோம். இப்போதைக்கு நாங்கள் நாலு பேர். கூட வருகிறவர்கள் டைம் கீப்பர் ஆபீஸ் வாசலில் வந்து நில்லுங்கள், சேர்ந்து போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் திண்டுக்கல்–பழனி வண்டி டிரைவர்